மேட்டூர் முதல் மாயனூர் வரை: காவிரிக் கரையோரம் நிதானமாக ஒரு கார் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டில் கடலே கிடையாது. கரையோரப் பயணம் எங்கே போவது?

காவிரிக் கரைக்குப் போகலாம். மேட்டூர் அணையிலிருந்து இறங்கும் ஆறு நெருஞ்சிப்பேட்டை, அம்மாபேட்டை, பவானி, ஈரோடு, கொடுமுடி, வேலாயுதம்பாளையம் என்று மாயனூர் வரை வருகிறது. சாலையும் பெரும்பாலும் அதை விட்டு அதிகம் விலகாமல் கூடவே வருகிறது. ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் வாழையும் கரும்பும் மஞ்சளும். பெரும்பகுதி தூரத்துக்கு லாரி நெரிசலும் கிடையாது.

இந்தப் பாதையை நான் சொல்லக் காரணம் அழகு மட்டும் அல்ல. நீலகிரியில் பெய்த மழை பவானியாகவும், வெள்ளியங்கிரியில் பெய்த மழை நொய்யலாகவும், ஆனைமலையில் பெய்த மழை அமராவதியாகவும் ஓடிவந்து காவிரியில் கலக்கின்றன. அந்த மூன்று கூடல்களும் இந்த ஒரே பாதையில் அடுத்தடுத்து வருகின்றன. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நாம் எந்த ஊரில் குடியிருந்தாலும், நம் ஊர்த் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்பதை இரண்டு நாளில் கண்ணால் பார்த்துவிடலாம்.

ஏனுங்க, ஒரே நாள்ல முடிச்சுட முடியாதுங்களா?

முடியும். வண்டியை விட்டால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் கரூர் போய்விடலாம். அப்படிப் போவதென்றால் நெடுஞ்சாலையிலேயே போய்விடுங்கள், கரையோரம் எதற்கு? இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மேட்டூரிலிருந்து பவானி வழியாக ஈரோடு. இரவு அங்கேயே தங்கல். இரண்டாம் நாள் ஈரோட்டிலிருந்து மாயனூர்.

ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் முழுப் பாதையையும் ஓட்டித் தீர்க்க வேண்டாம். மேட்டூர் முதல் பவானி வரைக்கும் மட்டும் போங்கள். ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். ஆனால் ஆறு கண்ணை விட்டு அகலாத பகுதி அதுதான்.

எந்த மாதத்தில் போகலாம்?

மழையைக் கேட்பதைவிட மேட்டூரைக் கேளுங்கள். அணையில் தண்ணீர் போதுமான அளவு இருந்தால் டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12 அன்று திறப்பார்கள், ஜனவரி 28 அன்று நிறுத்துவார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாயும் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களுக்கு வழக்கமாக ஆகஸ்ட் 1 அன்று தண்ணீர் விடுவார்கள். ஆறும் ஓடி, வாய்க்காலும் ஓடி, வயலும் பச்சையாக இருக்க வேண்டும் என்றால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை. என்னைக் கேட்டால் கார்த்திகை, மார்கழி. வெயில் தாழ்ந்திருக்கும், காலைப் பனி தண்ணீர் மேலேயே நிற்கும்.

ஆடி மாதம் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஆடிப்பெருக்கு அன்று மேட்டூர், பவானி கூடுதுறை, கொடுமுடி மூன்று இடத்திலும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. முளைப்பாரியும் காப்பரிசியும் படித்துறை முழுக்கப் பெண்கள் கூட்டமுமாக இருக்கும் அந்த நாளைப் பார்க்க வேண்டியதுதான். அதற்குத் தனியாக ஒரு தடவை வாருங்கள். நிதானப் பயணத்தோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

பங்குனி, சித்திரையில் வெயில் கடுமை. ஆனால் அப்போதும் மேட்டூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவே ஆறு வறண்டு கிடக்காது. காரணம் கதவணைகள்.

கதவணை என்றால்? அணையிலிருந்து என்ன வித்தியாசம்?

மேட்டூர் மாதிரி பெரிய அணை பருவம் முழுவதற்குமான தண்ணீரைத் தேக்குகிறது. கதவணை ஆற்றுக்குக் குறுக்கே வரிசையாக இரும்புக் கதவுகள் வைத்துத் தண்ணீரைச் சில அடி உயர்த்தி நிறுத்துகிறது. அந்த உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் மின்சாரம் எடுத்துவிட்டு மறுபடி ஆற்றிலேயே விடுகிறார்கள். செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, அப்புறம் ஈரோட்டுப் பக்கம் வெண்டிபாளையம், இன்னும் கீழே பாசூர் என்று அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே தண்ணீர், ஒவ்வொரு படியிலும் ஒரு வேலை செய்துவிட்டுக் கீழே இறங்குகிறது.

பயணிக்கு இதில் என்ன கிடைக்கிறது என்றால், ஒவ்வொரு கதவணைக்கு மேலேயும் ஆறு ஏரி மாதிரி அகன்று அசையாமல் நிற்கும். அக்கரைத் தென்னை தலைகீழாகத் தெரியும். கதவணைக்குக் கீழே வந்தால் அதே ஆறு பாறைக்கு நடுவே சிறு ஓடைகளாகப் பிரிந்து கிடக்கும். மேலே ஐந்து நிமிடம், கீழே ஐந்து நிமிடம் நின்று இரண்டையும் பாருங்கள்.

மேட்டூரில் என்ன பார்க்க வேண்டும்?

1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடித்த அணை. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரால் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கொங்கு நாட்டில் ஆடி மாதம் டீக்கடையில் நாளிதழைப் பிரித்ததும் முதலில் தேடும் எண் இந்த அடிக்கணக்குதான். வெள்ளக் காலத்தில் உபரி நீர் 16 கண் மதகு வழியாக வெளியேறும். அந்தச் சமயம் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் பாலத்தின் மேல் நிற்கும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம்.

அணை கட்டியபோது பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். டெல்டா விளைய வேண்டும் என்று இடம்பெயர்ந்த குடும்பங்களின் ஊர் அது. படம் எடுக்கப் போகிறவர்கள் அந்த நினைப்போடு போக வேண்டும்.

அணைப் பூங்காவுக்கு வெளியே மீன் வறுத்துத் தருகிறார்கள். கட்லா, ரோகு, ஜிலேபி, அரால். மீனைப் பார்த்து எடுத்துக் கொடுத்து உங்கள் கண் முன்னால் வறுக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கரையில் ஓட்டுவது நல்லது, மேற்கா கிழக்கா?

பவானி வரை மேற்குக் கரை. சந்தேகமே வேண்டாம். ஆற்றுக்கு வெகு பக்கத்தில் போகும் சாலை அது.

நெருஞ்சிப்பேட்டை வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு அக்கரைக்குப் போய்வாருங்கள். அக்கரையில் இருப்பது சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டி. இரண்டு ஊருக்கும் நடுவே விசைப்படகு ஓடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள், மோட்டார் சைக்கிளோடு ஏறுகிறவர்கள் என்று அன்றாடப் போக்குவரத்துப் படகு அது. சுற்றுலாவுக்கென்று விட்டது அல்ல. ஆகவே உள்ளூர்க்காரர்கள் ஏறிய பிறகு ஏறுங்கள். பூலாம்பட்டியைக் குட்டி கேரளா என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. தென்னையும் தண்ணீரும் நம் ஊரிலேயே இருக்கும்போது வேறொரு ஊரின் பெயரை எதற்குக் கடன் வாங்க வேண்டும்?

கதவணைப் பராமரிப்புக்காகத் தண்ணீரை வடித்துவிடும் நாட்களில் படகு ஓடாது. வெள்ள எச்சரிக்கை வந்தாலும் நிறுத்திவிடுவார்கள். கதவணைகளின் மேல் கார் செல்லும் பாதைகள் உண்டு. அவையும் சில நாள் அடைத்திருக்கும், அதனால் முந்தின ஊரிலேயே ஒரு பெட்டிக்கடையில் கேட்டுக்கொள்வது நல்லது.

பவானியில் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

அரை நாள். முதல் கூடல் இங்கேதான். காவிரியும் பவானியும் சேர, கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கூடுகிறது என்பது நம்பிக்கை. தேவாரம் திருநணா என்று பாடிய சங்கமேஸ்வரர் கோயில் கூடுதுறையிலேயே நிற்கிறது. வேதநாயகி அம்மனுக்கு வில்லியம் காரோ என்ற கோவை கலெக்டர் 1804இல் கொடுத்த தந்தக் கட்டில் இன்றும் கோயிலில் இருக்கிறது. மழை இரவில் ஒரு சிறுமி வந்து எழுப்பி வெளியே அழைத்துப் போனாள், அவர் வெளியே வந்ததும் பங்களா இடிந்து விழுந்தது, வந்தவள் அம்மனே என்று ஊரில் சொல்வார்கள்.

கோயிலைவிட்டு வந்ததும் காலிங்கராயன் அணைக்கட்டுக்குப் போகாமல் திரும்பாதீர்கள். பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால், 13ஆம் நூற்றாண்டில் கொங்குத் தலைவர் காலிங்கராயன் கட்டிய அணை. அங்கிருந்து புறப்படும் வாய்க்கால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடிக் கொடுமுடிக்குப் பக்கத்தில் நொய்யலில் போய்ச் சேருகிறது. நேராக வெட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வராது. வளைவு கூடக் கூட வேகம் குறையும், கரை அரிக்காது, வழியில் அதிக வயல்களைத் தொடும். பாம்பு போன தடத்தில் வெட்டினார் என்பது கதை. நிலத்தின் சரிவை அந்தக் காலத்தில் எவ்வளவு நுட்பமாகப் படித்திருக்கிறார்கள் என்பது நம் கண் முன் ஓடுகிறது. சொந்த லாபத்துக்காக வெட்டினான் என்ற பேச்சு வரக்கூடாது என்று, தானும் தன் வம்சமும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என உறுதி எடுத்து ஊரையே விட்டுப் பொள்ளாச்சிக்குப் பக்கத்து ஊத்துக்குளிக்குக் குடிபோனார் என்கிறார்கள். தை 5ஆம் நாளைக் காலிங்கராயன் நாளாக இன்றும் கொண்டாடுகிறோம்.

ஈரோட்டுக்குள் இதே வாய்க்காலில் சாயக்கழிவும் சாக்கடையும் கலப்பதைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது. எழுநூறு ஆண்டுக்கு மேல் ஓடும் தண்ணீரை நம் தலைமுறையில் கெடுத்துவிட்டோம். கரைகட்டியதும் சுத்தம் செய்ததும் நடந்திருக்கிறது. இன்னும் நடக்க வேண்டியது நிறைய.

பவானி ஜமுக்காளம் அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையால் தூக்கிப் பாருங்கள். அசல் கைத்தறி ஜமுக்காளம் கனமாக இருக்கும், முரட்டு நூல், கெட்டி நெசவு, பட்டை பட்டையான நிறங்கள். விசைத்தறிச் சரக்கு லேசாகவும் விலை மலிவாகவும் வரும். புவிசார் குறியீடு கிடைத்த பொருள் என்றாலும் தறியில் உட்காரும் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் வாங்குங்கள். விலை பேசிக் குறைக்காதீர்கள்.

கூடுதுறையிலும் கொடுமுடியிலும் பரிகாரம் செய்யலாம் என்று நினைக்கிறோம். எதை ஆற்றில் விடலாம், எதை விடக்கூடாது?

மனம் ஆறுதலுக்காகச் செய்வதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உடுத்திய துணியை ஆற்றில் அவிழ்த்து விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். படித்துறைக்குக் கீழே சேலையும் வேட்டியும் பாசி பிடித்துச் சிக்கிக் கிடக்கின்றன. குளிக்க இறங்குகிறவர் காலில் சுற்றுகின்றன. இந்தத் தண்ணீரைக் கீழே கரூரும் திருச்சியும் தஞ்சாவூரும் குடிக்கின்றன. துணியைக் கரையில் வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள். பாலித்தீன் பையோடு மாலையை எறிவது, கண்ணாடி ஜாடி, சாமி படம் எல்லாமே கூடாது.

ஈரோட்டில் இறங்கினால் என்ன சாப்பிடலாம்?

பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு சிக்கன். சின்னத் துண்டு கோழி, விதை எடுத்த வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காயைப் பல் பல்லாகக் கீறிப் போட்டு வதக்குவது. தக்காளியோ மசாலாத் தூளோ கிடையாது. குழம்பு மாதிரி நீர்விட்டுக் கொண்டுவந்தால் அது அந்தச் சமையல் அல்ல. சைவக்காரர்கள் காலையில் சந்தகைக்கு (இடியாப்பம் மாதிரிப் பிழிந்தெடுப்பது) தேங்காய்ப்பாலும், மத்தியானம் அரிசியும் பருப்புஞ் சாதமும் நெய்யும் தேடிப் போகலாம். இரண்டும் பெரிய ஓட்டல்களைவிட வீட்டுச் சமையல் மெஸ்களில் நன்றாக இருக்கும்.

கரூர் போனால் சாயங்காலம் கரம். பொரி, துருவிய கேரட், பீட்ரூட், காரச் சட்னி எல்லாம் போட்டுக் கிளறித் தருவது.

இரண்டாம் நாள் வழியைச் சொல்லுங்கள்.

ஈரோட்டிலிருந்து கரூர் சாலை. ரயில் தடமும் கூடவே வரும். பாசூரில் ஆற்றுப் பக்கம் திரும்பினால் கதவணை. அக்கரை நாமக்கல் மாவட்டத்துச் சோழசிராமணி. அங்கிருந்து ஜேடர்பாளையம் பக்கம். காவிரிக்குக் குறுக்கே பழைய அணைக்கட்டு, அதிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால், பூங்கா, குளிக்க இடம், கரையில் மீன் வறுவல். பரமத்திவேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் பெயர் எடுத்ததே இந்த வாய்க்கால் தண்ணீரில்தான். பிள்ளைகளோடு போகிறவர்கள் மத்தியானம் வரை இங்கேயே இருந்துவிடலாம்.

வந்த வழியே திரும்பிக் கொடுமுடி. தெற்குப் பார்த்து ஓடிவந்த காவிரி இங்கேதான் கிழக்கே திரும்புகிறது. மகுடேஸ்வரர், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மா என மூவரும் ஒரே வளாகத்தில். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம், கொங்கேழு என்னும் கொங்கு நாட்டின் ஏழு தேவாரத் தலங்களில் ஒன்று. கே. பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரும் இதுதான். படித்துறையில் உட்கார்ந்து ஆறு திரும்புவதைப் பார்க்க வேண்டும் என்றால் சாயங்கால வெயிலுக்கு முன்னால் வந்துவிடுங்கள்.

நொய்யல் கலக்கும் இடத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். கொடுமுடியைத் தாண்டினால் நொய்யல் என்றே ஓர் ஊர். பவானிக் கூடுதுறை மாதிரிக் கூட்டமும் படித்துறையும் இருக்காது. திருப்பூரின் பனியன் தொழில் ஊருக்குச் சோறு போட்டது உண்மை. அதன் சாயநீர் இந்த ஆற்றைக் கொன்றதும் உண்மை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிப் போனது. விவசாயிகள் வழக்கு நடத்தி, 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை இறுக்கமானது. பேரூரில் நாம் கும்பிடும் அதே ஆறு இது. அதனால்தான் இந்த இடத்தைத் தவறாமல் பார்க்கச் சொல்கிறேன்.

பக்கத்து வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை ஏறினால் சமணத் துறவிகளின் கற்படுக்கையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உண்டு. இரும்பொறை மரபுச் சேரர்கள் மூன்று தலைமுறையின் பெயர் அதில் இருக்கிறது. மேலே இருந்து காவிரியும் பசுமையும் நன்றாகத் தெரியும்.

ஆற்றில் குளிக்கலாமா?

உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் நிற்கும் ஆழம் வரை மட்டும். கதவணைக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். சங்கு ஊதிவிட்டுக் கதவைத் திறந்தால் பாறையில் நிற்பவருக்குக் கரையேற நேரம் இருக்காது. மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் ஆள் மூழ்கும் குழி வரும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இந்தக் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள். மேட்டூரில் திறப்பு அதிகமானால் ஆற்றோரச் சாலைகளில் போலீஸ் நிறுத்துவார்கள். வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள்.

வயசான அப்பா அம்மாவோடு போகலாமா?

தாராளமாக. கோயில்களில் நடை குறைவு, ஆறுநாட்டார் மலையை மட்டும் விட்டுவிடலாம். நெருஞ்சிப்பேட்டைக்கும் பவானிக்கும் நடுவே சுத்தமான கழிப்பறை கிடைப்பது சிரமம். பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். அந்தக் கால ஆற்றுக் கதைகள் அவர்களிடம்தான் இருக்கும், பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

எங்களுக்குக் கடல்தான் வேண்டும் என்றால்?

பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொன்னானி போங்கள். பாரதப்புழை கடலில் கலக்கும் ஊர். வால்பாறை மலையில் பிறந்து பொள்ளாச்சிப் பக்கம் வரும் நம் ஆழியாறும் அந்தப் புழையில்தான் போய்ச் சேர்கிறது. அது ஒரு தனிப் பயணம், தனியாகவே எழுத வேண்டியது.

பயணத்தை எங்கே முடிப்பது? திரும்பும் வழி?

வேலாயுதம்பாளையத்திலிருந்து வாங்கல் வந்தால் பாலத்துக்கு அக்கரையில் மோகனூர், நாமக்கல் கவிஞர் பிறந்த ஊர். அடுத்து நேரூர், சதாசிவப் பிரம்மேந்திரரின் அதிஷ்டானம், அதாவது அவருடைய சமாதி. உள்ளே குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். மூன்றாவது கூடல் திருமுக்கூடலூர்; அமராவதி வந்து சேரும் இடம். அணை திறக்காத மாதங்களில் அமராவதியில் மணல்தான் தெரியும். உள்ளூரில் வழி கேட்டுக்கொண்டு போங்கள், வயல் நடுவே குறுகலான சாலை.

கடைசியாக மாயனூர். ஆற்றின் முழு அகலத்துக்கும் கதவணை, பக்கத்தில் மதுக்கரை செல்லாண்டியம்மன் கோயில். சேர, சோழ, பாண்டிய நாடுகளின் எல்லை கூடிய இடம் என்று சொல்லப்படும் கோயில் அது. கொங்கு நாட்டின் கிழக்கு எல்லையாகவும் அதைத்தான் சொல்வது வழக்கம். இங்கிருந்து கரூர் இருபது கிலோமீட்டர் அளவு. கோவைக்காரர்கள் கரூரில் சாப்பிட்டுவிட்டு வெள்ளகோவில், காங்கேயம், பல்லடம் வழியாக வீடு திரும்பலாம். ஈரோடு, சேலம் பக்கத்தினருக்குக் கரூரிலிருந்தே ரயிலும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது.